அரை மணி, அரை மணி என்று ஆறு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மே மாத விடுமுறையில் சிங்கப்பூரில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்வதற்காக, நானும் என் கணவரும் பத்து வயதுப் பேத்தியும் மதுரை விமான நிலையத்துக்குச் சென்றிருந்தோம். இரவு 9 மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் மறுநாள் அதிகாலை 3.20 மணிக்குத்தான் கிளம்பியது. கோளாறு இருக்கும் விமானம் பறக்காமல் நிற்பதே நல்லது என்பதை நான் அறிவேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அதை எங்களுக்குச் சொன்ன விதத்தைத்தான் இன்றுவரை மனம் ஏற்கவில்லை.

குடியேற்றச் சோதனையும் பாதுகாப்புச் சோதனையும் முடிந்து உள்ளே அமர்ந்த பிறகு, விமானம் அரை மணி நேரம் தாமதம் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவித்தார்கள். அந்த அரை மணி முடிந்ததும் இன்னோர் அரை மணி, அதன் பிறகு மற்றோர் அரை மணி என்று நள்ளிரவு வரை இதுவே நடந்தது. பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி, முதல்முறையாக விமானம் ஏறுபவர், ஒவ்வொரு அறிவிப்புக்கும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வரிசைக்குப் போவதும், யாராவது விளக்கிச் சொன்ன பின் திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தார்.

என் கணவர் நீரிழிவு நோயாளி. இரவு உணவை விமானத்தில் சாப்பிட முன்பதிவு செய்திருந்தோம். அரை மணியில் ஏறிவிடலாம் என்ற வார்த்தையை நம்பி, 9.15 மணிக்கு அவர் இன்சுலின் போட்டுக்கொண்டார். பத்தரை மணிக்கு அவருக்கு வியர்த்து, கை நடுங்கத் தொடங்கியது. கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர் உறவினருக்கென எடுத்துச் சென்ற கடலை மிட்டாயைப் பிரித்துக் கொடுத்ததால்தான் அவர் தேறினார். அவர்களுக்கு இந்தக் கடிதத்தின் வழியாகவும் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்பதைக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பார்த்த இளைஞர் ஒருவர்தான் உண்மையை எங்களுக்குச் சொன்னார். எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம், நாங்கள் புறப்பட வேண்டிய 9 மணிக்குச் சிங்கப்பூரிலிருந்தே கிளம்பியிருக்கவில்லை. அங்கிருந்து மதுரைக்கு வர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். வந்த பிறகு பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, எங்களை ஏற்ற மேலும் ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே, முதல் அறிவிப்பைச் செய்தபோதே ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் தாமதமாகும் என்பது அந்த விமான நிறுவனத்துக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

உண்மையை மறைப்பதால் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று ஊர் திரும்பிய பின் விதிகளைத் தேடிப் படித்தேன். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ பயணிகளுக்காக வகுத்த விதிகள் 2010 முதல் நடைமுறையில் உள்ளன. இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று எதிர்பார்க்கப்பட்டால், பயணிகளுக்கு உணவு தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விடுதியில் தங்கவைக்க வேண்டும். எல்லாமே 'எதிர்பார்க்கப்படும்' தாமதத்தைப் பொறுத்தவை. அரை மணி அரை மணியாகத் தவணையில் சொல்லிக்கொண்டே போனால், எந்த நேரத்திலும் மூன்று மணியை எதிர்பார்த்ததாக ஆகாது. ஆறு மணியையும் எதிர்பார்த்ததாக ஆகாது. எங்களுக்குக் கிடைத்தது நள்ளிரவுக்குப் பின் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் தண்ணீரும். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்துவிட்டதால் வெளியே போய் எதையும் வாங்கவும் இயலாது.

2012இல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியபோது மதுரை மக்கள் அடைந்த மகிழ்ச்சி எனக்கு நினைவிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. இரவுப் பயணிகள் இனி பெருகவே செய்வர். இங்கிருந்து பறப்பவர்களில் பெரும்பாலோர் திருமங்கலம், மேலூர், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் குடும்பத்தினர். அவர்களுக்குத் தமிழில் சொன்னால்தான் விளங்கும்.

ஆகவே, தாமத நேரத்தை நிறுவனம் அறிவிக்கும் நேரத்தைக்கொண்டு கணக்கிடாமல், வந்துசேர வேண்டிய விமானம் அப்போது எங்கே இருக்கிறது என்பதைக்கொண்டு கணக்கிடுமாறு டிஜிசிஏ விதியைத் திருத்த வேண்டும். அந்த விவரத்தையும் காரணத்தையும் முதல் அறிவிப்பிலேயே தமிழில் சொல்ல வேண்டும். உணவு, தங்குமிடம் குறித்த விதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பயணச்சீட்டைச் சரிபார்க்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். மதுரை, விருதுநகர் தொகுதி மக்களவை உறுப்பினர்கள் இதை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருநகர், மதுரை.