மகள் வித்யாவுக்கு: பேரனைப் பார்க்க என்ன கேட்க வேண்டும்

பெங்களூரு

அன்பு வித்யா,

மகளை இழந்த உன் தோழியின் அப்பா அம்மா, மருமகன் பேரனைப் பார்க்க விடாததால் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். அவர்கள் சேலத்திலேயே வழக்குப் போட முடியாது, கண்ணு. பையன் இங்கே ஜெயநகரில் அவன் அப்பாவோடு இருக்கிறான். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும் என்கிறது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவு. அதனால் சித்தையா ரோட்டில், நியாய தேகுலா கட்டிடத்தில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

பேரனை எங்களிடமே ஒப்படையுங்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். அப்பா உயிரோடு இருக்கிறார். அவர் தகுதியற்றவர் என்று காட்டாத வரை வேறொருவரைக் காப்பாளராக்க 19ஆம் பிரிவு விடாது. 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு பையனைத் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது உண்மை; அவன் கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்தவன். 2008இலும் ஒரு பையனை அம்மாவழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது; அதில் தாயின் சாவு வழக்கில் தந்தையே குற்றம் சாட்டப்பட்டிருந்தார். இவர்கள் நிலைமை அப்படியில்லை. மருமகன்மேல் இல்லாத பழியைச் சுமத்தினால், பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பும் கெடும்.

பார்க்கும் உரிமையைக் கேட்கட்டும். அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் குழந்தையைச் சந்திப்பது பற்றிய வழக்கு குடும்ப நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வருகிறது. ‘வசதிப்படும்போது பார்க்கலாம்’ என்று உத்தரவு வாங்கினால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை, காலை பத்து முதல் ஐந்து வரை, எந்த வீட்டில், யார் கூட்டிவந்து யார் திரும்ப விடுவது, ஞாயிறு வீடியோ அழைப்பு, தசரா விடுமுறையில் எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் மனுவிலேயே எழுத வேண்டும். வழக்கு இழுக்கும். கூடவே காப்பாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடைக்கால மனுவும் போட்டால் அதற்குள் பையனைப் பார்க்கலாம்.

பையனின் பிறப்புச் சான்றிதழ், மகளின் இறப்புச் சான்றிதழ், அவன் அவர்களோடு இருந்த நாட்களின் படங்கள், பார்க்க வரவா என்று கேட்டு மறுக்கப்பட்ட வாட்ஸ்அப் செய்திகள் தேவை. செய்திகளை அழித்துவிட வேண்டாம். பாட்டியும் மனுதாரராக இருக்கட்டும்; பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற அவருக்கு 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் உரிமை உண்டு.

பள்ளி வாசலில் போய் நிற்கவே கூடாது. பதில் மனுவில் முதல் வரியாக அதுதான் வரும். சமரசத்துக்கு அனுப்பினால் மனசோடு போகட்டும். மருமகன் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் ஏற்பாடுதான் நிலைக்கும். நீதிபதி பையனோடு தனியாகப் பேசலாம், அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

விசாரணைக்கு வரும்போது நம் வீட்டிலேயே தங்கச் சொல்.

அம்மா