இரண்டாம் பக்கத்தையும் ஏற்றுங்கள்: ஃபிராங்கோவின் இசைத்தட்டுகளை மின்மயமாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கொங்கோவின் கிதார் கலைஞர் ஃபிராங்கோ லுவாம்போ மக்கியாதியின் பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ஏறியிருப்பவற்றில் பலவற்றில் பாட்டு இருக்கிறது, கிதார் இல்லை.

கொங்கோ ரும்பா இரண்டு பாதியாக நடக்கும். முதல் பாதி நிதானமானது, பாடகர்களுக்கு உரியது. பிறகு குரல்கள் ஒதுங்க, கிதார்கள் ஒரு சிறு சுற்றைப் பிடித்துக்கொண்டு வேகமெடுக்கும். இதுதான் செபென். ஆட வந்தவர்கள் காத்திருப்பது இதற்குத்தான். நிமிடத்துக்கு 45 சுழற்சி ஓடும் சிறு தட்டுகளில் ஒரே பாட்டை இரு பக்கமாகப் பிரித்து, முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று அச்சிட்டார்கள். செபென் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில்தான் முழுவீச்சில் வரும். முதல் பக்கத்தை மட்டும் ஏற்றினால் பாடகர் பிழைத்துக்கொள்வார். ஃபிராங்கோ காணாமல் போவார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு தந்திகளைச் சேர்த்துக் கிள்ளி, ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் இம்மியளவு மாற்றி வாசிப்பது அவர் வழி. இன்னொரு கொங்கோ கிதார் கலைஞரான டாக்டர் நிக்கோ போல ஓடி விளையாடுகிற கை அல்ல. வாசலில் நின்று விடாமல் கதவைத் தட்டுகிற கை. அரை நிமிடம் கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்றிருக்கும். நான்கு நிமிடம் கேட்டால்தான் பிடிபடும்.

இரு பக்கங்களையும் ஒட்டும்போது ஒலி தேய்கிற இடத்தில் வெட்டி, அடுத்ததை அப்படியே சேர்க்காதீர்கள். தாளக்கட்டையை (இரண்டு குச்சிகளைத் தட்டி எழுப்பும் தாளம்) கேளுங்கள்: ஐந்து அடிகள், ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. மூன்றுக்குப் பின் மறுபடி மூன்று விழும்படி ஒட்டினால் ஆடுபவரின் கால் தடுக்கும். தேய்கிற பகுதியின் ஒலியளவை உயர்த்தி, அடுத்த பக்கத்தில் அதே இடம் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் ஒட்டவே வேண்டாம். இரண்டு கோப்புகளாக விடுங்கள்.

1950களில் லோனிங்கிசா நிறுவனம் வெளியிட்ட தட்டுகள் 78 சுழற்சி, அரக்கால் ஆனவை. சாராயம் கலந்த துடைப்பு நீர் பட்டால் அரக்கு கரையும், திரும்ப வராது. காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி மென்சோப்பு போதும், நடுவிலுள்ள காகிதம் நனையக்கூடாது. ஊசி சுமார் 70 மைக்ரான் இருக்கட்டும். 45-க்குப் போடுகிற மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து தூசியைத்தான் வாசிக்கும். ஸ்டீரியோ ஊசித்தலை என்றால் இடம், வலம் இரண்டையும் கூட்டி மோனோவாக்குங்கள். மேலும் கீழுமாக வரும் இரைச்சல் கணிசமாகக் கழிந்துவிடும்.

வேகத்தில் கவனம் தேவை. 78-க்குப் பதில் 74-இல் சுழன்றால் ஏறக்குறைய அரைக்கட்டை சுருதி இறங்கும், ஃபிராங்கோ தூக்கக் கலக்கத்தில் வாசிப்பதுபோல் இருக்கும். கிதாரை எந்தச் சுருதிக்கும் கட்டலாம் என்பதால் அதை நம்பிச் சரிபார்க்க முடியாது. குழுவில் ஊதிய ஜான் செர்ஜ் எஸ்ஸூவின் கிளாரினெட்டோ சாக்ஸபோனோ வருகிற இடத்தைப் பிடித்துச் சரிபாருங்கள்.

இரைச்சல் நீக்கி கருவிகளைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். தந்தியில் விரல் படுகிற சொடுக்கும் மராக்காஸ் கிலுக்கின் சரசரப்பும் இருப்பது இரைச்சல் இருக்கும் அதே உயர் அதிர்வெண்களில்தான். இரைச்சலைத் துடைக்கும்போது இவையும் சேர்ந்து போய், கிதார் கம்பளிக்குள்ளிருந்து கேட்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கைபடாத ஒரு பிரதியை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு எதையும் செய்யுங்கள்.

பெயர்களிலும் குழப்பம் இருக்கிறது. ஃபிராங்கோவின் குழுவான ஓகே ஜாஸின் தட்டுகளுக்கு ‘ஓகே ஜாஸ், ஜயர், 1956’ என்று போடுகிறார்கள். ஓகே ஜாஸ் பிறந்த 1956-இல் அது பெல்ஜியக் கொங்கோ, ஊர் லியோபோல்வில். கின்ஷாசா என்ற பெயர் 1966-இல் வந்தது. நாட்டுக்கு ஜயர் என்ற பெயர் 1971 முதல் 1997 வரை. ஃபிராங்கோவும் ஐரோப்பியப் பெயர்கள் விலக்கப்பட்ட 1970களில்தான் லுவாம்போ மக்கியாதி என்று தட்டுகளில் வருகிறார். இரண்டும் ஒருவரே என்று தெரியாமல் இரு கலைஞர்களாகப் பட்டியலிடுவது இன்னும் நிற்கவில்லை. குழுவின் எல்லாப் பாடல்களையும் அவர் தலையில் கட்டவும் வேண்டாம். ‘மபேலே’ பாட்டு குழுவின் சிமாரோ லுட்டும்பா இயற்றியது, பாடியவர் சாம் மங்வானா. தட்டின் நடுக்காகிதத்தைப் படம் எடுத்துக் கோப்போடு சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

நெடுந்தட்டு (LP) காலத்துப் பாடல்களுக்கு இந்த ஒட்டுவேலை குறைவு. 1985-இன் ‘மாரியோ’ போன்றவை நீளமாகவே ஓடுகின்றன. சுருக்காமல் விட்டால் போதும்.

கையில் முதல் பக்கம் மட்டும்தான் தேறியதா? தலைப்பிலேயே ‘முதல் பாகம் மட்டும்’ என்று எழுதி, தட்டின் எண்ணையும் போடுங்கள். மறுபக்கம் வைத்திருப்பவர் எண்ணைப் பார்த்துத்தான் தேடி வருவார்.

இப்படிக்கு,
இந்தத் தட்டுகளை இரு பக்கமும் கேட்பவர்கள் சிலர்