விடியற்காலையில் சோதனைச்சாவடிக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு நன்றி

அன்பு வணக்கம்.

பாலஸ்தீன நோயாளிகளை எல்லைச் சாவடியிலிருந்து இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் காரில் கூட்டிப்போகும் இஸ்ரேலியத் தன்னார்வலர்களே, உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனாலும் இந்த நன்றியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

யுவால் ரோத் ஐயா, முதலில் உங்களுக்கு. 1993இல் உங்கள் சகோதரரை ஹமாஸ்காரர்கள் கடத்திக் கொன்றார்கள். அந்தத் துக்கத்தோடு, இரண்டு பக்கமும் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கூடும் அமைப்பில் சேர்ந்தீர்கள். அங்கே ஒரு பாலஸ்தீனர், நோயுற்ற தன் சகோதரரை ஹைஃபா மருத்துவமனைக்குக் கூட்டிப்போக உதவி கேட்டார். நீங்கள் காரை எடுத்தீர்கள். உங்கள் ‘ரோட் டு ரெக்கவரி’ அமைப்பு பிறந்தது அப்படித்தான்.

இதன் அருமை தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது. பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய். இஸ்ரேலிய மருத்துவமனையில் இடமும் கிடைத்து, அனுமதிச்சீட்டும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பாலஸ்தீன நம்பர் பிளேட் போட்ட வண்டி சாவடியைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கம் டாக்ஸி பிடித்தால் பல நாள் கூலி போய்விடும். கீமோ என்றால் ஒரு தடவையோடு முடிகிற காரியமா? அந்த இடத்தில்தான் நீங்கள் இருட்டோடு வந்து நிற்கிறீர்கள். முன்பின் தெரியாத பிள்ளையையும் அதன் தாயையும் ஏற்றிக்கொள்கிறீர்கள், பைசா வாங்காமல்.

விவியன் சில்வர் அம்மாவுக்கு நேரில் நன்றி சொல்ல இனி வழியில்லை. காஸா நோயாளிகளுக்குக் கார் ஓட்டியவர். 2014 காஸா போருக்குப் பின் ‘விமன் வேஜ் பீஸ்’ என்ற பெண்கள் சமாதான அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023 அக்டோபர் 4ஆம் தேதி அந்த அமைப்பினர் பாலஸ்தீனப் பெண்களுடன் சேர்ந்து சமாதானம் கேட்டு ஊர்வலம் நடத்தினார்கள். மூன்றாம் நாள், ஹமாஸ் தாக்குதலில், காஸா எல்லையருகே பெயேரியில் தன் வீட்டிலேயே விவியன் அம்மா கொல்லப்பட்டார். அவருக்கு 74 வயது. நீர் ஓஸ் ஊரின் ஓடெட் லிஃப்ஷிட்ஸ் ஐயாவும் காஸாவிலிருந்து இஸ்ரேலுக்குள் வரும் எரெஸ் வாசலில் நோயாளிகளை ஏற்றிப்போனவர்தான். அதே தாக்குதலில் பணயக்கைதியாகக் கொண்டுபோகப்பட்டவர், 2025இல் உடலாகத்தான் திரும்பினார்.

அதற்குப் பிறகு நீங்கள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எரெஸ் மூடப்பட்டது. மேற்குக் கரைச் சாவடிகளுக்கு மறுபடியும் போனீர்கள்.

காஸாவுக்குள் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். சண்டைக்கு நடுவே சிக்கிய சிறுமி ஹிந்த் ரஜபைக் காப்பாற்ற 2024 ஜனவரியில் ஆம்புலன்ஸில் போன, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற செம்பிறைச் சங்கத்தின் ஊழியர்கள் இருவர் உயிரோடு திரும்பவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்த பணியாளர்களே, உங்களுக்காகப் பகுதி பகுதியாகச் சண்டை நின்றது. முதல் சுற்றிலேயே ஐந்தரை லட்சம் குழந்தைகளுக்கு மேல் மருந்து கொடுத்தீர்கள். சொட்டு மருந்துக்காக நிறுத்த முடிந்த சண்டையை அந்தக் குழந்தைகளின் உயிருக்காக ஏன் நிறுத்த முடியாது? இந்தக் கேள்வியை இன்னும் விடாமல் கேட்பதற்கு நீங்கள்தான் எனக்குத் தைரியம் கொடுத்தீர்கள்.

எரெஸ் திறக்க வேண்டும், காஸா நோயாளிகளும் கார் ஓட்டுகிற உங்கள் வண்டிகளில் மறுபடி ஏற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்க நன்றியுடன்,
ஒரு தமிழ் வாசகர்