காவல் துறைக்குத் தேவை நல்ல சாட்சிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்கள் காவல் துறைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று உயர் அதிகாரிகள் அடிக்கடி கேட்டுக்கொள்கிறார்கள். எவ்வாறு ஒத்துழைப்பது என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அதனால் ஆர்வமுள்ள சிலர் இரவில் தடியுடன் தெருவைச் சுற்றி வருகிறார்கள். வேறு சிலர் சந்தேகம் தோன்றிய முகத்தையெல்லாம் படம் பிடித்துக் கைப்பேசிக் குழுக்களில் பரப்புகிறார்கள். ஒரு குடிமகன் செய்யக்கூடிய பேருதவி நல்ல சாட்சியாக இருப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தகவல் சொல்வதை எடுத்துக்கொள்வோம். கூட்டத்தின் நடுவே ஒரு குற்றம் நடக்கும்போது, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வது மனித இயல்பு. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் வலிப்பு வந்து தவிக்கும் குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உடனே உதவி தேடினர்; தன்னைத் தவிர மேலும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் அவ்வாறு செய்தவர்கள் 31 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே, அருகில் பத்துப் பேர் நின்றாலும் நாம் அழைத்துவிடுவதே நல்லது. ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு அழைப்புகள் வருவதால் கெடுதல் ஏதுமில்லை.

அழைக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இடம். இணைப்பு பாதியில் அறுந்துபோனாலும், இடம் தெரிந்திருந்தால் வாகனத்தை அனுப்பிவிடலாம். என்ன நடக்கிறது, யாருக்கேனும் காயமா, ஆயுதம் இருக்கிறதா, தப்பியவர் எந்தத் திசையில் போனார் என்பவற்றையெல்லாம் அடுத்தடுத்துச் சொல்லலாம். அவசர எண் என்ற ஏற்பாட்டுக்கே ஒரு சாதாரணக் குடிமகனின் முயற்சிதான் தூண்டுகோல் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 1935இல் லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தனர். தீயணைப்புத் துறையை அழைக்க முயன்ற அண்டை வீட்டுக்காரர் தொலைபேசி இணைப்பகத்தில் காத்திருக்க நேர்ந்தது. அவர் அதைக் கண்டித்து ஒரு நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அதையொட்டி நடந்த விசாரணையின் பயனாக, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் லண்டனில் நடைமுறைக்கு வந்தது. கடிதம் எழுதும் எங்களைப் போன்றவர்கள் சற்றே பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, கண்டதைக் கண்டபடி சொல்வது. இது தோன்றுவதைவிடக் கடினமான வேலை. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம், வண்டிகள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டனர். இரண்டாவது வகையினர் கூடுதலான வேகத்தைச் சொன்னதோடு, ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகவும் அவர்களில் அதிகம் பேர் கூறினர். கேள்வியில் ஒரு சொல் மாறியதற்கே நினைவு இப்படித் திரியுமானால், அக்கம்பக்கத்தார் கூடிப் பேசிய பிறகு எவ்வளவு திரியும்! எனவே, பிறரிடம் பேசுவதற்கு முன்பே நேரம், உடை, உயரம், வாகனப் பதிவெண் ஆகியவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பதிவெண்ணில் இரண்டு இலக்கம்தான் நினைவிருக்கிறது என்றால் அந்த இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். "நான் கவனிக்கவில்லை" என்ற பதிலும் விசாரணைக்கு உதவக்கூடியதே; ஊகித்துச் சொன்ன நிறமும் முகமும் ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும்.

காணொளிகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். கண்காணிப்பு கேமராவின் பழைய பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே அழிந்துவிடும் என்பதால், அருகில் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் கேமரா வைத்திருப்பவர் அன்றே பதிவைப் பிரித்தெடுத்து வைக்க வேண்டும்; கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. கைப்பேசியில் எடுத்த மூலப் பதிவைத் திருத்தாமல் அப்படியே ஒப்படைக்க வேண்டும். வாட்ஸ்அப் வழியாகச் சுற்றி வந்த நகலில் தெளிவும் குறைந்திருக்கும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் போயிருக்கும். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு மக்கள் அனுப்பிய படங்கள் புலனாய்வாளர்களுக்கு வந்து குவிந்தன. அதே நாட்களில், இணையத்தில் தாங்களே துப்பறியத் தொடங்கியவர்கள், தொடர்பே இல்லாத, ஏற்கெனவே காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று பரப்பி, தவித்துக்கொண்டிருந்த அவருடைய குடும்பத்தை மேலும் வதைத்தனர்.

இத்தனையும் செய்ய மக்கள் முன்வர வேண்டுமானால் காவல் துறையும் மாற வேண்டும். தகவல் சொல்ல வந்தவரையே சந்தேகத்தோடு பார்ப்பதும், வாக்குமூலத்துக்காக நாள் முழுவதும் காக்க வைப்பதும், அவர் பெயரை எதிர்த்தரப்புக்குக் கசியவிடுவதும் நடக்கும் இடத்தில் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அத்தகைய நடத்தையைப் பற்றி மேலதிகாரிகளிடம் எழுத்துமூலம் புகார் செய்வதையும் நான் ஒத்துழைப்பாகவே கருதுகிறேன். ஒவ்வொரு காவல் நிலையமும், தகவல் தந்தவருக்கு அது என்ன ஆயிற்று என்று இரண்டு வரியிலேனும் பதில் அனுப்பும் வழக்கத்தைத் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்