சுளவு என்று எழுதச் சொன்ன ஆச்சிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்மக்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் ஏறி வந்ததை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடிப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் நம் அருங்காட்சியக வீட்டின் திண்ணையைத் தாண்டி, தார்சாக் கூடத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். வடிந்தபோது உள்ளே கணுக்கால் வரை சேறு. அதை வாளி வாளியாக அள்ளிக் கொட்டிய உங்களுக்குத்தான் இந்த மடல். சுவர் காய்ந்து, வீட்டைத் திறந்துவிட்டு எழுதலாம் என்று இருந்ததில் இவ்வளவு நாளாகிவிட்டது.

முதலில் கொத்தனார் அண்ணாச்சிக்கு நன்றி. சுவரின் அடிப்பாகத்தில் முன்பு நல்லதென்று நினைத்து சிமெண்ட் பூசியிருந்தோம். அவர் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, "இத முழுசாக் கொத்தி எடுக்கணும். சுண்ணாம்புச் சுவத்துல ஏறின ஈரம் வெளிய வரணும்லா? சிமெண்ட் அத உள்ளயே அடைச்சு வச்சிரும்" என்றார். அப்புறம் சுண்ணாம்பை நீற்றி, நாள் கணக்கில் ஊறவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் காரை அரைத்தார்கள். விடுமுறையில் வந்த கல்லூரிப் பிள்ளைகள் கை கொப்பளிக்க அரைத்தார்கள். அந்த வாரம் தெருவே கருப்பட்டி மணந்தது.

நனைந்த ஓலைச்சுவடிகளை வெயிலில் போடத்தான் நாங்கள் ஓடினோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தடுத்தார். வெயிலில் ஏடு சுருண்டு வெடித்துவிடுமாம். ஒவ்வொரு ஏடாகப் பிரித்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்து, புல்தைலம் தடவினார். மங்கிய ஏட்டில் விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைத்ததும் கீறல்களில் கரி தங்கி எழுத்து எழும்பி வந்தது. ஏதோ ஒரு நிலத்தின் குத்தகைக் கணக்கு. இத்தனை கோட்டை நெல், இத்தனை மரக்கால் என்று அவர் வாய்விட்டுப் படிக்க, கையில் துடைப்பத்தோடு நின்றவர்களெல்லாம் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல!

பாய்களின் ஓரத்தை மறுபடி கட்டிக் கொடுத்த பத்தமடை அக்காவுக்கும், மோட்டார் கொடுத்த கடைக்காரருக்கும், வேளை தவறாமல் டீ அனுப்பியவர்களுக்கும் நன்றி.

நெல் கொட்டி வைக்கும் மண் குலுக்கையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. கரைந்தே போனது. கீழத்தெரு ஆச்சி அதைக் கேள்விப்பட்டு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, வைக்கோல் கலந்த மண்ணை உறை உறையாக ஏற்றிப் புதிதாக ஒன்று செய்யப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். போகும்போது பொருளின் பெயர் எழுதிய ஓர் அட்டையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 'முறம்' என்றோம். "நம்மூர்ல யாரு முறம்னு சொன்னா? சுளவுன்னு எழுது." அன்றைக்கே எல்லா அட்டைகளையும் அவர் முன்னால் வைத்துத் திருத்தினோம். கூடை கடவமானது. மொட்டைமாடி மட்டப்பாவானது. இத்தனை வருடம் நாங்கள் செய்யத் தவறியது அது.

இன்னொரு செய்தி. வெள்ள நாட்களில் எங்களுக்குச் சோறு வந்த தூக்குவாளி ஒன்று அடுக்களையிலேயே இருக்கிறது. அடியில் 'செ' என்று வெட்டியிருக்கிறது. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
அருங்காட்சியக வீட்டுத் தன்னார்வலர்கள்