குனிந்து நனைத்தால் நெற்றி கல்லில் இடிக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த, இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் பற்றிய கட்டுரையில், வாசலோரத் தீர்த்தத் தொட்டிக்கு 'ஸ்டூப்' என்ற பெயர் வந்தது பக்தர்கள் குனிந்து விரல் நனைப்பதால் என்று ஒரு வரி. குனிதல் என்ற ஆங்கிலச் சொல்லின் ஓசையும் அதுவே என்பதால் கட்டுரையாளர் அப்படியே முடிவுகட்டிவிட்டார் போலும். அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் இடுப்புயரத்தில் சுவர் மாடத்துக்குள் குடைந்தவை. குனிந்தால் நெற்றிதான் கல்லில் இடிக்கும்!

தாங்கள் அறியாததல்ல, அந்தப் பெயரின் மூலம், ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நார்ஸின் 'ஸ்டௌப்'. குடிக்கும் கோப்பை என்று பொருள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் கல்லறைக் குழி வெட்டுபவன் ஒரு ஸ்டூப் மது வாங்கிவரச் சொல்கிறானே, அவன் தீர்த்தமா கேட்டான்?

'ஸ்டூப்' என்று கட்டுரையில் போட்ட படமாவது சரியா என்றால், அதுவும் இல்லை. பீடத்தருகே தெற்குச் சுவர், கிண்ணத்தின் நடுவில் துளை: அது பிசினா. திருப்பலியின் திருக்கிண்ணம் கழுவிய நீர் மிதிபடாமல் நேரே மண்ணுக்குள் இறங்கவே அந்தத் துளை. ஸ்டூப்புக்குப் பொதுவாக வடிகால் கிடையாது. பழைய நீரை முகந்தெடுத்துத் துடைக்க வேண்டியதுதான். முந்தைய இதழொன்றில் திருமுழுக்குத் தொட்டியையும் தீர்த்தத் தொட்டி என்றே எழுதினீர்கள். உள்ளே ஈயத்தகடு பதித்த பெருந்தொட்டி அது. மந்திரவாதத்துக்கு நீரைத் திருடுவார்கள் என்று அஞ்சி, அதற்கு மூடியும் பூட்டும் போடச் சொல்லி 1236-லேயே கான்டர்பரி பேராயர் ஆணையிட்டார். மூன்றும் உங்களுக்கு ஒன்றுதான்!

ஸ்டூப்புகளின் விளிம்பு உடைந்திருப்பது 'காலத்தின் கோலம்' என்கிறார் கட்டுரையாளர். பலவற்றை உடைத்தது, கத்தோலிக்கச் சடங்குகளை ஒழித்த பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்துச் சுத்தியல். தானாகக் கல் உதிர்ந்திருந்தால் முதலில் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். பழைய சடங்கில் தீர்த்தத்தில் உப்புக் கலப்பார்கள். சுண்ணாம்புக்கல் அதை உறிஞ்சும். காயும்போது உப்பு படிகமாகி மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். நுண்துளையும் விரிசலும் இல்லாத கல்லையே பயன்படுத்தச் சொன்னார் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ, 1577-இல். இன்று உள்ளே கண்ணாடிக் கிண்ணம் வைப்பதும் இதற்காகத்தான். பித்தளை வைத்தால் பச்சை பூக்கும்.

இதையெல்லாம் அச்சிடத் தங்களுக்கு இடமிருக்காது, தெரியும். படத்தின் கீழே உள்ள 'ஸ்டூப்' என்பதைப் 'பிசினா' என்று திருத்தி அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்; போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், பாளையங்கோட்டை