பராமரிப்பு நின்றுபோன திறமூலத் தொகுப்புகள்: தொழில்நுட்பத் துறைத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மென்பொருள் பயன்படுத்தும் திறமூலத் தொகுப்புகளில் குறை இல்லை என்று பாதுகாப்பு ஸ்கேனரின் அறிக்கை பச்சையாகக் காட்டினால் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். மென்பொருள் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அதுதான் கவலை. சார்புகளை, அதாவது உங்கள் நிரல் நம்பியிருக்கும் பிறர் தொகுப்புகளைச் சோதிக்கும் ஸ்கேனர், நிரலைப் படித்து ஓட்டை தேடுவதில்லை. தொகுப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும், ஏற்கெனவே பதிவான குறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். கேட்பாரற்றுக் கிடக்கும் தொகுப்பைப் பெரும்பாலும் யாரும் ஆராய்வதில்லை. ஆராயாத குறை பதிவாகாது, திரையிலும் வராது.

ஜாவா நிரல்களில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் லாக்4ஜே என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1 வரிசைக்கான ஆதரவு 2015 ஆகஸ்டில் முடிந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பெரும் பாதுகாப்புக் குறை வெடித்தபோது, அது 2 வரிசையின் குறை என்பதால் பழைய பதிப்பில் இருந்தவர்கள் பலர் நிம்மதியடைந்தார்கள். ஆனால் 1.2 பதிப்பின் சாக்கெட்சர்வர் என்ற பகுதி வழியாக அயலார் நிரலை ஓடவிடும் குறை 2019-லேயே பதிவாகியிருந்தது. அந்த வரிசையில் அதற்குத் திருத்தம் வரவேயில்லை. அதே 2021 டிசம்பரில் ஜேஎம்எஸ்அப்பெண்டர் என்ற இன்னொரு பகுதியின் குறையும் சேர்ந்துகொண்டது. அமைவுக் கோப்பில் அதை இயக்கியிருந்தால்தான் ஆபத்து என்றாலும், எத்தனை அமைவுக் கோப்புகளை யார் திறந்து பார்த்தார்கள்?

2 வரிசைக்கு உடனே மாற முடியாதவர்களுக்கு, பழைய வரிசையின் குறைகளைத் திருத்திய மாற்றான ரீலோட்4ஜே இருக்கிறது. 1.2.17-க்குப் பதிலாக அதன் ஜார் கோப்பை (ஜாவா நிரல்களை அடைத்த கோப்பு) வைத்தால் போதும், நிரலைத் தொட வேண்டியதில்லை. தவறு நடப்பது வேறு இடத்தில். இன்னொரு தொகுப்பு பழைய லாக்4ஜேயையும் சேர்த்து இழுத்து வரும். இரண்டு ஜாரும் கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில், இருந்தால், முதலில் வருவதே ஏற்றப்படும். ஜாவா நிரல்களைக் கட்டும் கருவியான மேவன் காட்டும் சார்பு மரத்தை (எந்தத் தொகுப்பு எதை இழுத்து வருகிறது என்ற பட்டியல்) பார்த்து, பழையதை ஒவ்வொரு இடத்திலும் விலக்க வேண்டும். ஒரே ஜாருக்குள் எல்லாவற்றையும் அடைத்த கட்டுகளைத் திறந்தும் பார்க்க வேண்டும். உள்ளே கிடக்கும் பழைய கிளாஸ் கோப்புகள் அந்த மரத்தில் தெரியாமல் போகலாம்.

கடைசி வெளியீடு எப்போது என்பதை மட்டும் வைத்து ஒரு தொகுப்பைக் கைவிடப்பட்டதென்று முடிவு செய்யாதீர்கள். வேலை முழுமையடைந்த சிறு நூலகம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பது இயல்பு. பாதுகாப்புப் புகார்களுக்குப் பதில் வருகிறதா, இன்றைய கம்பைலரில் சோதனைகள் தேறுகின்றனவா, வெளியிடும் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

நெடுநாள் தூங்கிய தொகுப்பு திடீரென விழித்தாலும் கவனம் தேவை. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பின் பராமரிப்பாளர், உதவ முன்வந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். புதியவர் சேர்த்த ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற சார்புக்குள், ஒரு பிட்காயின் பணப்பைச் செயலியைக் குறிவைத்த திருட்டு நிரல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு சார்பின் துல்லியமான பதிப்பையும் பூட்டி வைக்கும் லாக் (lock) கோப்பை நிரல் களஞ்சியத்திலேயே வையுங்கள். நிரலைக் கட்டும் பில்ட் சர்வரில், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் கருவியான என்பிஎம்-இன் இன்ஸ்டால் கட்டளைக்குப் பதிலாக சிஐ கட்டளை ஓடட்டும். லாக் கோப்பும், தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் கோப்பும் பொருந்தாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும்.

மாற்று எதுவுமே இல்லாவிட்டால்தான் ஃபோர்க், அதாவது தொகுப்பை நகலெடுத்து நீங்களே பராமரிப்பது. நகலெடுக்க ஒரு நிமிடம் போதும், சுமை அதற்குப் பிறகுதான். முதலில் பழைய சோதனைகள் இன்றைய கம்பைலரில் ஓட வேண்டும். மூல உரிமக் கோப்பை நீக்கக் கூடாது. நிறுவனத்துக்குள் தொகுப்புகளை வைக்கும் உள்பதிவகத்தில் உங்களுக்கென்று பதிவு செய்த முன்னொட்டோடு வெளியிடுங்கள். முன்னொட்டில்லாத வெறும் பெயராக இருந்தால், பொதுப் பதிவகத்தில் அதே பெயரில் யாரோ ஏற்றிய உயர்ந்த பதிப்பு எண் உள்ளே வந்துவிடக்கூடும்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். உறங்கும் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொறியாளரின் பெயரை எழுதி, அவருடைய வார வேலை நேரத்தில் அதற்கென மணிகளை ஒதுக்குங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அந்த மணிகள் தனி வரியாக இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பொறியாளர்கள்